படம் அனுப்பும் பெட்டிக்கு ஒரு பொதுப் போர்டு போடுவோம்

தமிழ்நாட்டின் அமெச்சூர் ரேடியோ சங்கங்களுக்கும், ஹாம் நிலையம் (உரிமத்தோடு நடத்தும் அமெச்சூர் ரேடியோ நிலையம்) வைத்திருக்கும் பொறியியல் கல்லூரிகளின் இசிஇ துறையினருக்கும்,

வணக்கம். போன மாதம் ஒரு ஞாயிறு காலை, நண்பர் ஒருவர் தன் டிவி படத்தை ரேடியோ அலையில் எனக்கு அனுப்பிப் பார்க்க மருதமலை அடிவாரத்தில் யாகி ஆன்டெனாவோடு நின்றார். நான் ஆர்.எஸ்.புரத்தில் மொட்டை மாடியில், பழைய டிவியோடு. அரை மணி நேரம் ‘நோ சிக்னல்’ என்ற எழுத்துதான் திரையில் அலைந்துகொண்டிருந்தது. நண்பர் ஆன்டெனாவை ஒரு சாண் திருப்பினார். சட்டென்று அவர் முகமும், பின்னால் இருந்த அர்ச்சனைத் தட்டுக் கடையும் பளிச்சென்று வந்தன. டிஜிட்டலில் மங்கல் படம் என்ற பேச்சே கிடையாது. வந்தால் முழுசாக வரும், இல்லாவிட்டால் ஒன்றும் வராது. புள்ளி புள்ளியாகத் தெரியும் அனலாக் படத்தைப் பார்த்தே ஆன்டெனாவைத் திருப்பிப் பழகிய எனக்கு இது இன்னும் முழுசாகக் கைவரவில்லை.

அந்த ஞாயிறுக்கு ஆன செலவைக் கூட்டிப் பார்த்தேன். இப்படிப் படம் அனுப்பத் தேவையான ஆம்ப்ளிஃபையர் போர்டை எல்லாச் சங்கமும் சேர்ந்து ஒன்றாகச் செய்வோம் என்று கேட்கத்தான் இந்த மடல்.

டிஜிட்டல் டிவி டிரான்ஸ்மிட்டர் என்றதும் நம் ஆட்கள் முதலில் விசாரிப்பது எஸ்டிஆர் (மென்பொருளால் சிக்னலை உருவாக்கும் ரேடியோ) விலையைத்தான். அந்தப் பகுதி கிட்டத்தட்ட தீர்ந்துபோன கணக்கு. 1949-இல் தொடங்கிய பிரிட்டிஷ் அமெச்சூர் டெலிவிஷன் கிளப், போர்ட்ஸ்டவுன் என்ற பெயரில் ராஸ்ப்பெர்ரி பை கணினியை வைத்தே ஒரு டிரான்ஸ்மிட்டர் உருவாக்கி, வரைபடம் முதல் மென்பொருள் வரை வெளியிட்டுவிட்டது. முதல் வடிவத்தில் பையின் பின்களிலிருந்தே சிக்னலை எடுத்து, ஒரு சின்ன ஃபில்டர் போர்டு வழியாக அனுப்பினார்கள். பிறகு லைம் எஸ்டிஆர் மினி வந்தது. மாணவர்கள் படிக்க என்று அனலாக் டிவைசஸ் நிறுவனம் வெளியிட்ட புளூட்டோ எஸ்டிஆரும் இந்த வேலைக்கு நன்றாகவே வளைந்து கொடுக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரி கடிக்கும், உண்மைதான். ஆனால் கையைச் சுட்டது அது இல்லை.

புளூட்டோவிலிருந்து வருவது சில மில்லிவாட். அதைத் தெருமுனை தாண்ட வைக்க ஆம்ப்ளிஃபையர் வேண்டும். இங்கேதான் எல்லோரும் தனித்தனியாகக் காசைக் கரைக்கிறோம். எஃப்எம் பேச்சுக்கு ஆம்ப்ளிஃபையரை முட்டுகிற வரை ஓட்டலாம், யாரும் கேட்க மாட்டார்கள். கியூபிஎஸ்கே என்ற டிஜிட்டல் முறையில் போகும் படத்துக்கு அது செல்லாது. கொஞ்சம் அதிகமாகத் தள்ளினாலும் சிக்னலின் இரண்டு பக்கமும் தோள் புடைத்துக்கொண்டு பக்கத்து அலைவரிசையில் போய் விழும். மிட்சுபிஷியின் ஆர்ஏ18எச்1213ஜி மாட்யூலை எடுத்துக்கொள்ளுங்கள். 1240 முதல் 1300 மெகாஹெர்ட்ஸ் வரைக்குமானது, 12.5 வோல்ட், 18 வாட் என்று போட்டிருக்கும். படம் அனுப்பும்போது நாலைந்து வாட்டுக்கு மேல் அதனிடம் கேட்கக் கூடாது. 18 என்று நம்பி வாங்கிய நானும் முதல் வாரம் தள்ளித்தான் பார்த்தேன். ஒரு கல்லூரி லேபில் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் அந்தத் தோளைப் பார்த்த பிறகுதான் அடங்கினேன்.

இன்னொரு முனையும் இருக்கிறது. பார்க்க ஆளில்லாத டிவி நிலையத்தை எவ்வளவு மலிவாகக் கட்டினால் என்ன? ஐரோப்பாவில் 333 கிலோ சிம்பல் வேகம், அதாவது நொடிக்கு 333 ஆயிரம் தகவல் துடிப்பு, சகஜம். அரை மெகாஹெர்ட்ஸுக்குள் அடங்கும், குறைந்த பவரில் தூரம் போகும். ஆனால் சாதாரண செட்டாப் பாக்ஸ் அவ்வளவு மெதுவான சிக்னலைப் பிடிக்காது. தனி ரிசீவர் வேண்டும். பார்க்கிற ஒவ்வொருவரும் அதை வாங்க வேண்டும் என்றால் கதை அங்கேயே முடிந்தது.

நம்மிடம் இருப்பது வேறு. டிடி ஃப்ரீ டிஷ் பார்க்க வாங்கிய பெட்டிகள் எத்தனை வீட்டுப் பரணில் கிடக்கின்றன! டிஷ்ஷின் முகப்பில் உள்ள எல்என்பி, செயற்கைக்கோள் சிக்னலின் அலைவரிசையைக் குறைத்து அந்தப் பெட்டிக்குக் கொடுப்பது 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை. நமக்கு அனுமதி உள்ள 1260–1300 பேண்ட் அதற்குள்ளேயே விழுகிறது. அதனால் எல்என்பியே இல்லாமல் ஆன்டெனாவை நேராகச் சொருகலாம். மெனுவில் 11890 என்று கொடுங்கள். எல்என்பி இருப்பதாக நினைத்து, அது குறைக்கும் 10600-ஐப் பெட்டி கழித்துக்கொண்டு 1290-இல் போய் நிற்கும். சிம்பல் வேகம் 2000 (கிலோவில்), எஃப்இசி 1/2, அதாவது அனுப்புவதில் பாதி பிழை திருத்தத்துக்குப் போகும். நிகரமாக ஒன்றே முக்கால் மெகாபிட்டுக்குச் சற்று மேல் கிடைக்கும். முகம் பார்க்கவும் சர்க்யூட் காட்டவும் தாராளம். 333-ஐ விட ஆறு மடங்கு வேகம் என்பதால் அதே தூரத்துக்கு ஏறக்குறைய ஆறு மடங்கு பவர் வேண்டும். அந்த நஷ்டத்தை இப்போதைக்கு ஏற்றுக்கொள்வோம் என்பது என் கட்சி.

ஒரு எச்சரிக்கை. அந்தப் பெட்டி எல்என்பிக்காக 13 அல்லது 18 வோல்ட்டைக் கேபிள் வழியே அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த வோல்ட்டைத் தடுக்கும் டிசி பிளாக்கை நடுவில் போடாமல், ஆன்டெனா சிக்னலைப் பெருக்கும் என் ப்ரீஆம்ப்பைச் சொருகினேன். வாசனை வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

அப்புறம், 1260–1300 நமக்கு இரண்டாம் உரிமைதான்; முதல் உரிமைக்காரர்களுக்கு இடைஞ்சல் செய்யக் கூடாது. கலிலியோ நேவிகேஷன் செயற்கைக்கோள்களின் ஒரு சிக்னல் 1278.75-ஐ மையமாக வைத்து அங்கேதான் இறங்குகிறது. 2023-இல் துபாயில் நடந்த உலக ரேடியோ மாநாடு வரைக்கும் இந்த விவகாரம் போனது. ஆளுக்கு ஓர் இடத்தில் ஆளுக்கொரு பவரில் கிளம்பினால் இருக்கிற பேண்டும் கையை விட்டுப் போகும். 1290 என்று நான் சொன்னது உதாரணத்துக்குத்தான். எங்கே, எத்தனை வாட்டில் என்பதைச் சங்கங்கள் கூடி, விதிகளைப் பார்த்து முடிவு செய்யட்டும்.

கேட்பது இதுதான். ஆம்ப்ளிஃபையர், அதன் மடங்கு அலைவரிசைகளில் கசிவதைத் தடுக்கும் ஹார்மோனிக் ஃபில்டர், பேட்டரியில் ஓடும் பவர் சப்ளை மூன்றும் சேர்ந்த ஒரே போர்டு. உதிரிகளை முடிந்தவரை ரிச்சி தெருவில் கிடைப்பவையாகத் தேர்ந்தெடுப்போம். தனி ஆள் ஐந்து போர்டு அடிக்கும் விலைக்கும், எல்லாச் சங்கமும் சேர்ந்து நூறு அடிக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரியும். கல்லூரிக்காரர்களிடம் ஸ்பெக்ட்ரம் அனலைசர் இருக்கிறது, பல இடங்களில் உறை கூடக் கழற்றாமல். எங்களிடம் லைசென்ஸும் டவரும் அலைந்து திரிய ஆளும் உண்டு. ஒவ்வொரு போர்டையும் அனலைசரில் போட்டு, எத்தனை வாட் வரைக்கும் தோள் இறங்கி இருக்கிறது என்று அளந்து, அந்த எண்ணைப் போர்டின் மேலேயே எழுதி ஒட்டிக் கொடுங்கள். மாணவர்களுக்கு இதைவிட நல்ல ப்ராஜெக்ட் கிடைக்காது.

பேரிடருக்கு உதவும் என்று சொல்லிப் பணம் கேட்கலாம் என்றார் ஒரு மூத்த ஓஎம் (ஹாம் நண்பரை நாங்கள் அழைக்கும் பெயர்). எனக்கு அதில் உடன்பாடில்லை. 2004 டிசம்பரில் சுனாமி அடித்தபோது போர்ட் பிளேரில் இருந்த ஹாம் பாரதி பிரசாத்தின் குழு வெறும் குரலை வைத்தே தகவல் கொண்டுசேர்த்தது. ஏரிக்கரை எங்கே உடைந்தது என்று காட்ட ஒரு படம் உதவும், மறுக்கவில்லை. ஆனால் செய்து பார்க்கும் ஆசையால் செய்கிறோம் என்று நேராகச் சொல்வதில் என்ன கூச்சம்?

என் போர்டின் வரைபடத்தை, ஃபில்டர் சரியாக வராத இடத்தையும் குறித்து, கேட்கும் எந்தச் சங்கத்துக்கும் அனுப்புகிறேன். அடுத்த கூட்டத்தில் பத்து நிமிடம் கொடுங்கள். பரணில் கிடக்கும் பெட்டி ஒன்றையும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.

73 (எங்கள் வழக்கில் ‘நல்வாழ்த்துகள்’),
கோயமுத்தூரிலிருந்து ஒரு வியூ2 (இந்திய ஹாம்)