மாதத்தை எழுத்தில் எழுதும்மா

அன்புள்ள மகளுக்கு,

இங்கே மலேசியாவில், நம்ம சுங்கை சிப்புட்டில் எல்லாரும் சுகம், அப்பாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது. டாக்டர் சொன்ன பிரசவத் தேதி என்று நீ 10/11 அனுப்பியிருந்தாய். அது நவம்பர் பத்தா, அக்டோபர் பதினொன்றா? நடுவில் ஒரு மாதம் இருக்கிறதே! டிக்கெட் எடுப்பது, வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் சொல்வது, பத்திய மருந்து இடிப்பது எல்லாம் அதை வைத்துத்தான், அதனால் முதலில் அதைச் சொல்லிவிடு.

நீ இருக்கும் சிகாகோவில் மாதத்தை முன்னால் போடுவார்கள். நாம் துரைமார் காலத்திலிருந்து நாள், மாதம், வருடம் என்று எழுதிப் பழகியவர்கள், அப்பா தோட்டத்து ஆபீசில் கிராணியாக இருந்த காலம் முழுக்க அந்த வரிசையில்தான் எழுதினார். இப்போது கிளினிக், பேங்க் எங்கே போனாலும் அதே வரிசைதான். 31/8/1957 என்று எழுதினால் எந்த ஊர்க்காரரும் தவறாகப் படிக்க மாட்டார், 31-ஆவது மாதம் என்று ஒன்று இல்லை. நாள் 12-க்குள் இருந்தால்தான் தொல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன், பன்னிரண்டு மாதத்திலும் முதல் 12 நாள் என்றால் 144, அதில் 1/1, 2/2 மாதிரி 12 தேதிகளை எப்படிப் படித்தாலும் ஒன்றுதான், மீதி 132. வருடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே! பிரசவம், மருந்து, விசா என்று வரும்போது இதைச் சும்மா விட முடியுமா? 10 நவம்பர் என்று எழுது, இல்லை நவம்பர் 10 என்று எழுது, எனக்கு இரண்டும் சம்மதம், மாதம் மட்டும் எழுத்தில் இருக்கட்டும். அமெரிக்கப் பாஸ்போர்ட்டிலேயே முதலில் நாள், அப்புறம் மாதம் எழுத்தில், கடைசியில் வருடம் என்றுதான் அச்சடிக்கிறார்கள்.

முழுக்க எண்ணிலேயே எழுத வேண்டும் என்றால் வருடத்தை முன்னால் போடு, 2026-11-10 மாதிரி. ஐஎஸ்ஓ 8601 என்று 1988-இல் அதற்கு உலகப் பொதுவான விதியே போட்டிருக்கிறார்கள். நம்ம ஐசி, அடையாள அட்டை எண்ணும் அந்த வரிசைதான், 1968 மார்ச் 5-இல் பிறந்தவருக்கு 680305 என்று தொடங்கும். கம்ப்யூட்டரில் ஸ்கேன் படங்களுக்கு இப்படிப் பெயர் வைத்தால் தானாகவே நாள்வாரியாக அடுக்கி நிற்கும், அதைச் செய்துவை.

எழுதுவது ஒரு பக்கம், வாயால் சொல்வது இன்னொரு பக்கம். விசா கவுண்டரிலும் ஏர்போர்ட்டிலும் தேதி கேட்டால் நானே பதில் சொல்ல வேண்டும் என்று பக்கத்துத் தெரு டீச்சரிடம் சாயங்காலம் போய்ப் படிக்கிறேன். எழுதும்போது வெறும் 5 மார்ச், சொல்லும்போது மட்டும் 'த ஃபிஃப்த் ஆஃப் மார்ச்', உங்கள் ஊரில் 'மார்ச் ஃபிஃப்த்'. ஆனால் அவர்களுடைய சுதந்திர நாளை மட்டும் அவர்களே 'ஃபோர்த் ஆஃப் ஜூலை' என்கிறார்கள் பார். 21, 22, 23 எல்லாம் ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் என்று முடியும், 11, 12, 13 அப்படி முடியாது, இலெவன்த், ட்வெல்ஃப்த், தேர்ட்டீன்த். போனில் கவனமாக இருக்க வேண்டியது 13-க்கும் 30-க்கும்தான். தேர்ட்டீன்த் என்றால் 'டீன்' மேல் அழுத்தம், தேர்ட்டியத் என்றால் 'தேர்' மேல் அழுத்தம். நர்ஸ் அப்பாயின்ட்மென்ட் சொல்லும்போது நீ திருப்பிச் சொல்லி, கிழமையும் கேட்டுக்கொள், கிழமை சேர்ந்துவிட்டால் தப்பாது.

வருடத்தை இரண்டிரண்டாகப் பிரிக்க வேண்டும், 1948 நைன்டீன் ஃபார்ட்டி எய்ட், 1905 நைன்டீன் ஓ ஃபைவ், 2008 வந்தால் டூ தௌசண்ட் எய்ட், இப்போது 2026 மாதிரி வந்தால் ட்வென்டி ட்வென்டி சிக்ஸ் என்று போகிறது. நான் நம்ம ஊர்த் தேதிகளையே சொல்லிப் பழகுகிறேன். மந்திரியாக இருந்த துன் சம்பந்தன் பிறந்தது 16 ஜூன் 1919, அவசரகாலம் வரக் காரணமாக இங்கே கம்யூனிஸ்டுகள் தோட்டத்துரைமாரைச் சுட்டுக் கொன்றது 16 ஜூன் 1948, இரண்டும் ஒரே தேதி, சொல்லிச் சொல்லி 'சிக்ஸ்டீன்த்' நன்றாகவே வருகிறது. தேதிக்கு முன்னால் 'ஆன்', வெறும் மாதத்துக்கும் வருடத்துக்கும் 'இன்', இதையும் டீச்சர் விடாமல் கேட்கிறார்.

இன்னொன்று, பிள்ளை பிறந்ததும் சிகாகோ தேதியையும் மணியையும் அப்படியே அனுப்பு, இங்கே உள்ள தேதிக்கு மாற்றாதே. அங்கே நவம்பர் 10 இரவு எட்டு மணி என்றால் இங்கே மறுநாள் காலை பத்து, ஆனால் பிறந்த சர்டிபிகேட்டில் வருவது அங்கே உள்ள தேதிதான், ஜாதகம் எழுதுபவருக்கும் பிறந்த ஊர் நேரம்தான் வேண்டும். அக்டோபரில் பிறந்தால் மணி வித்தியாசம் பதினான்கு இல்லை, பதின்மூன்று, நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை மாற்றிவிடுகிறார்கள்.

பத்திய மருந்துப் பொடியைப் பெட்டியில் கொண்டுவர விடுவார்களா என்று மாப்பிள்ளையிடம் கேட்டுச் சொல். விடமாட்டார்கள் என்றால் சுக்கு, மிளகு, ஓமம், பூண்டு எல்லாம் அங்கேயே இந்தியக் கடையில் வாங்கிவைக்கச் சொல், நான் வந்து இடித்துக்கொள்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, இரவில் ரொம்ப நேரம் கண்விழிக்காதே.

அன்புடன்
அம்மா