பிட்ச்சரைத் தொடாமல் சிங்கிள் திரும்பாது

மேஜர் லீக் பேஸ்பாலின் விதிகளை முடிவு செய்யும் கூட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். சான் டியேகோவில் பல வருடமாக உள்ளூர் அணியான பாட்ரேஸின் ஆட்டம் பார்த்துவரும் தமிழன் எழுதுகிறேன். அணி உரிமையாளர்கள் ஆறு பேர், ஆட்டக்காரர்கள் நான்கு பேர், நடுவர் ஒருவர் என்று பதினொரு பேர் கொண்ட உங்கள் குழுவில் யாருக்கும் தமிழ் தெரிந்திருக்காது. பரவாயில்லை, பந்தைத் தட்டிவிட்டு முதல் பேஸுக்கு ஓடும் சிங்கிள் அருகிப்போன ஆற்றாமையைத் தாய்மொழியில் கொட்டினால்தான் எனக்குச் சரியாக வருகிறது.

போன மாதம் என் பதினொரு வயதுப் பையனை பேட்டிங் பயிற்சிக்குக் கூட்டிப்போனேன். வலைக்குப் பக்கத்தில் ஒரு திரை. அவன் அடிக்கும் ஒவ்வொரு பந்துக்கும் அதில் இரண்டு எண் விழும்: பந்து போன வேகம், அது எழும்பிய கோணம். ஒரு பந்து மட்டையின் நடுவில் பட்டு, தரையோடு சீறிக்கொண்டு போனது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நான் "அடடா" என்றேன். பயிற்சியாளர் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "நாலு டிகிரிதான். தூக்கி அடி."

அதுவும் டோனி க்வின் ஆடிய ஊரில்! மூன்றாம் பேஸைக் காக்கும் ஃபீல்டருக்கு ஆட்ட எண் 5, அவர் பக்கத்தில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப்புக்கு 6. இருவருக்கும் நடுவே உள்ள சந்துக்கு 5.5 என்று பெயர் வைத்து, அதில் பந்தைத் தட்டிவிட்டே எட்டு முறை லீகிலேயே அதிக சராசரி எடுத்த மட்டையாளர் ஆனவர். பந்தை ஆடுகளத்துக்குள் அடிக்காமலே மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேறும் ஸ்ட்ரைக் அவுட், அவருக்கு 20 சீசனில் மொத்தம் 434. 2024-இல் எலி டி லா க்ரூஸ் ஒரே சீசனில் 218.

உடனே பழைய ரசிகர்கள், "இந்தக் காலத்துப் பசங்களுக்கு அடிக்கத் தெரியவில்லை" என்பார்கள். 1925-இல் ஜோ சூவல் 608 முறை மட்டை பிடித்து நான்கே தடவை ஸ்ட்ரைக் அவுட் ஆன கதையும் வரும். 2018-இல் முதல் முறையாக ஒரு சீசனின் மொத்த ஹிட்டை (அடித்துவிட்டு பேஸை எட்டுவது) விட ஸ்ட்ரைக் அவுட் கூடிப்போனது உண்மைதான். ஆனால் பழி மட்டையாளர் மேல் இல்லை, பிட்ச்சர்களை மாற்றிக்கொண்டே இருப்பதில்.

1968-இல் பாப் கிப்ஸன் என்ற பிட்ச்சர் (பந்து எறிகிறவர்) 34 ஆட்டங்களைத் தொடங்கி, 28-ஐத் தானே முடித்தார். எவ்வளவு பயங்கரமான பிட்ச்சராக இருந்தாலும், ஒரே ஆளை ஒரே நாளில் நான்காவது தடவை பார்க்கும்போது கண்ணுக்கு ஏதாவது பிடிபடும். இன்னொரு பெரிய பிட்ச்சர் கிரெக் மேடக்ஸை நூறு தடவைக்கு மேல் எதிர்கொண்டும் க்வின் ஒருமுறைகூட ஸ்ட்ரைக் அவுட் ஆகவில்லை என்றால், அந்தப் பழக்கத்துக்கும் அதில் பங்கு உண்டு. இப்போது? 2022, 2023, 2024 எதிலும் 30 அணிகளும் சேர்ந்தே, தொடங்கிய பிட்ச்சரே முடித்த ஆட்டம் 40-ஐ எட்டவில்லை. ஏழாவது இன்னிங்ஸுக்கு ஒரு புதுக் கை, எட்டாவதுக்கு ஒன்று, ஒன்பதாவதுக்கு இன்னொன்று. ஒவ்வொருவரும் பதினைந்து, இருபது பந்துக்குள் உடம்பில் உள்ள பலத்தையெல்லாம் கொட்டிவிட்டுப் போகிறார்கள். அப்படிப்பட்டவரிடம் வரிசையாக மூன்று சிங்கிள் எடுப்பது நடக்கிற காரியமா? ஒரே வீச்சில் வேலிக்கு வெளியே அனுப்பப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். பையனின் பயிற்சியாளர் சொன்னதும் இந்தக் கணக்குதான். கசந்தாலும் மறுக்க முடியவில்லை.

2023-இல் ஃபீல்டர்கள் ஒரே பக்கமாகக் குவிந்து நிற்பதைத் தடை செய்தீர்கள். ஆயிரம் முறை மட்டை பிடித்தால் 243 ஹிட் என்றிருந்த சராசரி 248 ஆனது. சந்தோஷப்பட்டேன். 2024-இல் பழையபடி 243. லூயிஸ் அராயெஸ் மாதிரி அந்த ஆண்டு முழுவதும் 29 ஸ்ட்ரைக் அவுட்டோடு நிறுத்திக்கொள்கிற ஆள் அபூர்வப் பிறவி, அவரைக் காட்டி விதி செய்ய முடியாது.

உங்களுக்கு முன் இருந்தவர்கள் கைவைத்த இடத்தைப் பாருங்கள். 1893-இல் பிட்ச்சரை 60 அடி 6 அங்குலத்துக்குப் பின்னால் தள்ளினார்கள். மறு வருடமே சராசரி 309-க்கு ஏறியது. 1920-இல் பந்தில் எச்சில் தடவி எறிவதற்குத் தடை வந்தது. முந்தின ஆண்டு 29 ஹோம் ரன் அடித்த பேப் ரூத் 54 அடித்தார் (அது மட்டுமே காரணம் இல்லைதான்). கிப்ஸன் ஆடிய ஆட்டத்துக்குப் பிறகு, 1969-இல் பிட்ச்சர் நின்று எறியும் மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10-க்கு இறக்கி, ஸ்ட்ரைக் என்று கணக்காகும் எல்லையையும் சுருக்கினார்கள். 237 ஆக இருந்தது 248 ஆனது.

26 பேர் அணியில் 13 பிட்ச்சர் வரை வைத்துக்கொள்ளலாம் என்பது இப்போதைய விதி. அதை முதலில் 12 ஆக்குங்கள், இரண்டு வருடம் கழித்து 11. கை குறைந்தால் தொடங்குகிறவர் ஆறு, ஏழு இன்னிங்ஸ் தாக்குப்பிடித்தே ஆக வேண்டும். அப்போது ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு எறிய அவரால் முடியாது. முழங்கை காயம் கூடும் என்று மருத்துவர்கள் பயப்படலாம், நியாயமான பயம். அதனால்தான் படிப்படியாக என்கிறேன், மைனர் லீகில் ஒரு சீசன் ஓட்டிப் பார்த்த பிறகு. பந்து எறிய நேர வரம்பு வைக்கும் பிட்ச் கடிகாரத்தை அப்படித்தானே கொண்டுவந்தீர்கள்?

வருகிற சனிக்கிழமை பையனுக்கு மறுபடி பயிற்சி. திரையைக் கொஞ்ச நேரம் அணைத்து வைக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பாட்ரேஸ் ரசிகன்