அப்டேட் செய்ய எந்த ரெக்கார்டு? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

எங்கள் பில்லிங் மென்பொருளோடு வரும் ஏபிஐயை, அதாவது மற்ற மென்பொருள்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும் உதவும் இணைப்பை, சொந்தமாகப் பயன்படுத்தும் கடைகளிலிருந்து ஒரே கேள்வி அடிக்கடி வருகிறது: "சரக்கு டேபிளை மாற்ற முடிகிறது. நாங்களே சேர்த்த விலைப்பட்டியல் டேபிளைப் படிக்க மட்டும்தான் முடிகிறது. ஏன்?"

இந்த ஏபிஐ யாரும் உட்கார்ந்து எழுதியதல்ல. போஸ்ட்கிராஃபைல் என்ற கருவி உங்கள் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸைப் படித்து, தானே உருவாக்குவது. டேபிளில் பிரைமரி கீயோ (ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் மதிப்பு) யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட்டோ (ஒரே மதிப்பு இரண்டு வரிகளில் வரக்கூடாது என்ற விதி) இருந்தால்தான் அப்டேட், டெலிட் மியூட்டேஷன்கள் (வரியை மாற்றவும் அழிக்கவும் ஏபிஐயில் உள்ள கட்டளைகள்) வரும். எக்செலிலிருந்து இறக்கிய டேபிளில் பெரும்பாலும் இரண்டுமே இருக்காது. எந்த வரியை மாற்றுவது என்று தெரியாதபோது கையை வைக்காமல் இருப்பதே நல்லது என்பது எங்கள் கட்சியும். அதே தடையைப் போட்டாலும் விதியாக அறிவிக்கப்படாத யூனிக் இண்டெக்ஸ் மட்டும் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். அதை இந்தக் கருவி கணக்கில் எடுப்பதில்லை.

சரி, எதைக் கீயாக வைப்பது? பலரும் பில் எண்ணைச் சொல்கிறார்கள். ஜிஎஸ்டி விதிப்படி ஒரே நிதியாண்டுக்குள்தான் பில் எண் திரும்ப வரக்கூடாது. ஏப்ரல் 1 அன்று மறுபடி 1-இலிருந்து தொடங்கும் கடைகளில் போன வருடத்து 127-ஆம் பில்லும் இந்த வருடத்து 127-ஆம் பில்லும் ஒரே டேபிளில் இருக்கும். நிதியாண்டையும் பில் எண்ணையும் சேர்த்து யூனிக் ஆக்குங்கள். அப்புறம் மியூட்டேஷன் இரண்டையுமே கேட்கும், ஒன்றைக் கொடுத்தால் போதாது. போன் எண்ணும் வேண்டாம்; ஒரே வீட்டில் அப்பாவும் மகளும் ஒரே எண்ணைத்தான் சொல்வார்கள். தானாக ஏறும் ஐடி ஒன்றைப் பிரைமரி கீயாகச் சேர்ப்பதே எளிது. சேர்த்த பின் சர்வரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

பதில்களில் வரும் நோட்ஐடி என்ற நீளமான எழுத்துத் தொடரும் அப்டேட்டுக்குப் பயன்படும். டேபிளின் பெயரையும் பிரைமரி கீயையும் சேர்த்து பேஸ்64 என்ற எழுத்துக் குறிமுறையில் மடித்ததுதான் அது. டேபிளின் பெயரை மாற்றினால் அதுவும் மாறிவிடும். ஆகவே அதை வேறு எங்கும் சேமித்து வைக்காதீர்கள், ஐடியை வையுங்கள்.

அப்டேட் அனுப்பும்போது எந்த வரி என்ற அடையாளம் தனியாகவும் மாற்றம் பேட்ச் என்ற பகுதியிலும் போக வேண்டும். பேட்சில் நீங்கள் எழுதாத ஃபீல்டு அப்படியே இருக்கும். நல் (மதிப்பு இல்லை) என்று அனுப்பினால் அதில் இருந்தது அழிந்துவிடும். பழைய ரெக்கார்டு முழுவதையும் திருப்பி அனுப்பும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

போஸ்ட்கிராஃபைலுக்குப் பதில் போஸ்ட்ஜிரெஸ்ட் என்ற இன்னொரு ஏபிஐ கருவி வழியாக இணைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே எந்த வரி என்பதைக் கோரிக்கையின் இணைய முகவரியில் உள்ள ஃபில்டர், அதாவது தேர்வு நிபந்தனைதான் சொல்கிறது. ஃபில்டர் இல்லாமல் விலையை மாற்றச் சொல்லும் கோரிக்கை (இங்கே அதன் பெயரும் பேட்ச்) போனால், கடையில் உள்ள எல்லாச் சரக்கின் விலையும் ஒன்றாகிவிடும். அதைத் தடுக்க எங்கள் சர்வர்களில் சேஃப்அப்டேட் எக்ஸ்டென்ஷனைப் போட்டிருக்கிறோம். ஆனால் ஐடிக்குப் பதில் பிராண்டு பெயரை ஃபில்டராகக் கொடுத்தால் அது தடுக்காது, அந்த பிராண்டு மொத்தமும் மாறும்.

கீ சேர்க்கும் முன் பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள். டேபிளின் அமைப்பை அனுப்பினால் எந்தக் கீ பொருந்தும் என்று பார்த்துச் சொல்கிறோம். இதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

இப்படிக்கு,
வாடிக்கையாளர் உதவிப் பிரிவு