முதியோர் இடுப்பெலும்பு முறிவும் மயக்க மருந்துத் தயக்கமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த தாயையோ தந்தையையோ மருத்துவமனையில் சேர்க்கும் குடும்பத்தார், மயக்க மருந்து மருத்துவரிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "முதுகில் ஊசி போடுவீர்களா, முழு மயக்கம் கொடுப்பீர்களா?" என்பதுதான். முழு மயக்கம் கொடுத்தால் வயதானவர்களுக்கு நினைவு தப்பிவிடும் என்று ஒருவரும், முதுகில் ஊசி போட்டால் ஆயுளுக்கும் முதுகுவலி என்று இன்னொருவரும் வார்டு வாசலிலேயே வாதிட, ஊரிலிருந்து அண்ணன் வந்ததும் முடிவு செய்யலாம் என்று ஒப்புதல் படிவம் கையெழுத்தாகாமல் கிடக்கும். இந்த அச்சத்துக்கு மருத்துவ ஆய்வுகள் விடை சொல்லிச் சில ஆண்டுகள் ஆகியும், அது இன்னும் நம் வீடுகளை எட்டவில்லை.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 46 மருத்துவமனைகளில் நடந்த 'ரீகெய்ன்' ஆய்வு 2021-இல் வெளியானது. இடுப்பெலும்பு முறிந்த, 50 வயதும் அதற்கு மேலுமான 1,600 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு முதுகுத்தண்டு ஊசியும் மறுபிரிவினருக்கு முழு மயக்கமும் கொடுத்தார்கள். 60 நாட்களுக்குள் இறந்தவர்களும், பிறர் துணையின்றி நடக்க முடியாமல் போனவர்களும் சேர்ந்து முதல் பிரிவில் 18.5 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 18 விழுக்காடு. அறுவைக்குப் பிந்தைய மனக்குழப்பமும் முறையே 20.5, 19.7 விழுக்காடு என ஏறத்தாழச் சமமாகவே இருந்தது. முதுகு ஊசி போட்டவர்களில் பலருக்குத் தூக்க மருந்தும் சேர்த்துக் கொடுக்கப்பட்டதே, ஒப்பீடு சரியாகுமா என்று ஐயுறுவோருக்குச் சீனாவில் 950 முதியவர்களிடம் நடந்த ஆய்வு பதில் தருகிறது. அங்கே தூக்க மருந்து கலவாமல் மரப்பு ஊசி மட்டும் போட்டும் மனக்குழப்பம் குறையவில்லை, அவர்களில் 6.2 விழுக்காட்டினருக்கும், முழு மயக்கம் பெற்றவர்களில் 5.1 விழுக்காட்டினருக்கும் அது ஏற்பட்டது. இதய வால்வு மிகவும் சுருங்கியவர், நுரையீரல் நோய் முற்றியவர் போன்றோருக்கு ஒரு முறை மற்றதைவிடப் பொருந்தலாம். அதைத் தீர்மானிக்கத்தான் மயக்கவியல் மருத்துவர் இருக்கிறார். மற்றவர்களுக்கு இரண்டுமே ஏற்றவை என்று துணிந்து சொல்லலாம்.

இதில் நடைமுறைப் பயன் ஒன்று உண்டு. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களும் பக்கவாதம் வந்தவர்களும் ரத்தம் உறையாமலிருக்கக் குளோபிடோக்ரெல் மாத்திரை சாப்பிடுகிறார்கள். அதை நிறுத்தி ஐந்து முதல் ஏழு நாட்கள் கழிந்தால்தான் முதுகில் ஊசி போடுவது வழக்கம். முதுகு ஊசியே நல்லது என்ற எண்ணத்தால், திருப்பிப் போட்டாலே அலறும் வலியோடு ஒரு மூதாட்டியை அத்தனை நாட்கள் படுக்க வைப்பதில் என்ன நியாயம் இருக்கிறது? படுக்கைப் புண்ணும் நெஞ்சுச் சளியும் காலில் ரத்தக் கட்டும் அந்தக் காத்திருப்பில்தான் வருகின்றன. முழு மயக்கம் சமமான வழி என்று தெரிந்த பிறகு, இந்த ஒரு காரணத்துக்காக அறுவையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

சேர்க்கப்பட்ட அன்றோ மறுநாளோ அறுவை நடக்க வேண்டும் என்பது பிரிட்டனின் வழிகாட்டுதல். 17 நாடுகளில் 2,970 பேரிடம் நடத்தப்பட்டு 2020-இல் வெளியான 'ஹிப் அட்டாக்' ஆய்வில், எலும்பு முறிவு உறுதியானதிலிருந்து சுமார் 6 மணி நேரத்தில் அறுவை பெற்றவர்களையும் சுமார் 24 மணி நேரத்தில் பெற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். இறப்பு குறிப்பிடும்படி குறையவில்லை; மனக்குழப்பம் குறைந்தது, நோயாளிகள் சீக்கிரம் எழுந்து நின்றார்கள். இங்கே தாமதம் மணிக்கணக்கில் முடிவதில்லை. எக்கோ எடுக்க ஒரு நாள், இதய மருத்துவரிடம் 'ஃபிட்னஸ்' வாங்க ஒரு நாள், காப்பீட்டு ஒப்புதலுக்கு ஒரு நாள் என்று நீள்கிறது.

மனக்குழப்பத்தைக் கண்டவர்கள் மறக்க மாட்டார்கள். முந்தைய நாள்வரை தெளிவாகப் பேசிய அம்மா, இரவில் டிரிப்ஸ் குழாயைப் பிடுங்கி எறிந்து, என்றோ இறந்துபோன கணவரைக் கூப்பிட்டு, எதிரே நிற்கும் மகளையே யார் என்று கேட்பார். மயக்க மருந்து தலைக்கேறிவிட்டது என்று குடும்பம் நம்பிவிடும். ஆனால் வலி, உடலில் நீர் குறைதல், தூக்கமின்மை, நோய்த்தொற்று, பழகாத இடம் ஆகியவற்றுக்கு அதில் பெரும்பங்கு உண்டு. இவற்றில் பலவற்றைக் குடும்பத்தாரும் செவிலியரும் சேர்ந்தே தடுக்கலாம். அறுவைக்குக் காத்திருக்கும்போதே வலி தணிய, தொடை மடிப்பருகே நரம்பு மரப்பு ஊசி போட முடியுமா என்று கேளுங்கள். முந்தைய இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் வைத்திருப்பது தேவையற்றது. வேறு தடை இல்லாதவர்களுக்கு அறுவைக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை தண்ணீர் தரலாம் என்பதே இன்றைய விதி. அறுவை அரங்குக்குப் போகும்முன் கழற்றித் தந்த மூக்குக் கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும், நோயாளி கண் விழித்ததும் மறக்காமல் மாட்டிவிடுங்கள். மறுநாளே உட்கார வைக்கவும் நிற்க வைக்கவும் பிசியோதெரபிஸ்ட் வருவாரா என்றும் கேளுங்கள்.

தங்கள் நாளிதழ் மூலம் நம் சுகாதாரத் துறைக்கு ஒரு வேண்டுகோள். இடுப்பெலும்பு முறிந்து வருவோருக்கு எத்தனை மணி நேரத்தில் அறுவை நடக்கிறது என்பதைப் பிரிட்டனில் தேசியப் பதிவேடு வைத்து, மருத்துவமனைவாரியாக வெளியிடுகிறார்கள். நம் மாநிலத்தின் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலாவது அந்த நேரத்தைக் கணக்கெடுத்து, ஆண்டுதோறும் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மயக்கவியல் மருத்துவர்,
மதுரை