அந்த முன் சக்கரத்தைக் கழற்றிவிடு

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய படத்தை இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். கொஞ்சம் இருட்டாக இருந்தாலும் பார்க்க வேண்டியது தெரிந்துவிட்டது. முன் ரிம்மில் பிரேக் கட்டை உரசும் பட்டையின் நடுவே ஒரு மெல்லிய பள்ளக் கோடு சுற்றி வரும். சைக்கிள் வாங்கிய அன்று நானே அதை நகத்தால் தடவிப் பார்த்திருக்கிறேன். ரிம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று காட்டத்தான் அதைப் போட்டிருக்கிறார்கள். இப்போது அந்தக் கோடு இல்லை. அது இருந்த இடம் உள்வாங்கிக் குழிந்திருக்கிறது. மீதிக் கடிதத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம். நாளைக்கு அந்தச் சைக்கிளை எடுக்காதே.

நீ கேட்டது வேறு என்று தெரியும். 'டிஸ்க் பிரேக் வைத்த சைக்கிள் வாங்கலாமா, இல்லை இதிலேயே நல்ல கட்டையாகப் போட்டு இந்தக் குளிர்காலத்தை ஓட்டிவிடலாமா' என்று கேட்டிருந்தாய். கூடவே, சிக்னலில் நிறுத்த முடியாமல் வெள்ளைக் கோட்டைத் தாண்டிப் போய்க் காலை ஊன்றியதையும், பஸ் உன் முன்னால் கடந்ததையும் ஒரு வேடிக்கைபோல எழுதியிருந்தாய். உனக்கு அது வேடிக்கை. நான் அன்றிரவு தூங்கவில்லை.

உன் பிரேக் கெட்டுப்போனதால் நடந்ததல்ல அது. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன், முதலில் ஒன்றுமே நடக்கவில்லை, பிறகு திடீரென்று பிடித்தது என்று நீயே எழுதியிருக்கிறாய். மழையில் ரிம் பிரேக்கின் குணமே அதுதான். ரிம் தரையிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை உயரத்தில் சுழல்கிறது. சாலையில் இருக்கிற தண்ணீர் அத்தனையும் அதன்மேல்தான். நீ லீவரை அழுத்தியதும் கட்டை முதலில் அந்தத் தண்ணீரை வழித்துத் தள்ள வேண்டும். அதற்கப்புறம்தான் உலோகத்தைப் பிடிக்கும். அதற்குள் சக்கரம் ஒன்றிரண்டு சுற்றுச் சுற்றிவிடும். உன் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.1 மீட்டர் போகும். மணிக்கு 25 கிலோமீட்டரில் வந்தால் நொடிக்கு 7 மீட்டர். ஆக, பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்கு முன்பே இரண்டு, நான்கு மீட்டர் போய்விட்டது. நீ வெள்ளைக் கோட்டைத் தாண்டியதும் ஏறக்குறைய அவ்வளவுதான், இல்லையா?

நான் முதன்முதலில் ஓட்டியது கம்பி பிரேக் வைத்த பழைய கறுப்புச் சைக்கிள். அதன் ரிம் குரோமியம் பூசிய இரும்பு. மழையில் அதில் பிரேக் என்று எதுவும் கிடையாது என்றே சொல்லலாம். ஈர ரப்பர் ஈரக் குரோமியத்தில் வழுக்கிக்கொண்டே போகும். அதோடு ஒப்பிட்டால் உன் அலுமினிய ரிம் பல மடங்கு மேல். அந்தக் காலத்தில் படிந்த ஒரு பழக்கம் இன்றும் என்னைவிட்டுப் போகவில்லை. மழையில் சந்திப்பு வருவதற்கு வெகு முன்பே லீவரை லேசாகத் தொட்டு, கட்டையை ரிம்மில் உரசவிட்டுத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டே போவேன். நிஜமாக நிறுத்த வேண்டிய இடம் வரும்போது ரிம் தயாராக இருக்கும். உனக்கும் இதைச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். விட்டுவிட்டேன்.

ஆனால், தாமதம் ஒன்றுதான் குறை என்றால் நல்ல கட்டை போட்டு ஓட்டிக்கொள் என்றுதான் சொல்லியிருப்பேன். கூல்ஸ்டாப் என்ற நிறுவனம் செம்மண் கலந்த இளஞ்சிவப்பில் ஒரு கட்டை செய்கிறது. மழைக்கு நான் போட்டதில் அதுதான் நன்றாகப் பிடித்தது. எனக்குப் பெரிய கவலை தேய்மானம். மழையில் வீடு வந்ததும் ரிம்மை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பார். துணியில் மைபோலக் கறுப்பாக ஒட்டும். நீ அதைச் சாலை அழுக்கு என்று நினைப்பாய். அதில் கட்டையின் ரப்பரும் இருக்கிறது, உன் ரிம்மின் அலுமினியமும் இருக்கிறது. சாலை மணல் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் சிக்கி உப்புத்தாள் வேலை செய்கிறது. பனிக்காலத்தில் சாலையில் கொட்டுகிற உப்பு வேறு சேர்ந்துகொண்டால் ரிம், ஸ்போக்ஸ் முனைகள், ஒயர் எதையும் அது விட்டுவைப்பதில்லை.

ரிம் பிரேக்கில் நீ எதைத் தேய்க்கிறாய் என்று யோசி. டயரைப் பிடித்துவைத்திருக்கும் சுவரையே தேய்க்கிறாய். உள்ளே டியூபின் காற்று அந்தச் சுவரை வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கிறது. சுவர் மெலிந்துகொண்டே வந்தால் ஒருநாள் பிளக்கும். இது படித்துத் தெரிந்துகொண்டது அல்ல. நீ கல்லூரி விடுதியில் இருந்த காலத்தில், வேலைக்குக் கிளம்பும் முன் பின் சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். பட்டாசு வெடித்ததுபோல ஒரு சத்தம். டயர்தான் வெடித்தது என்று நினைத்துக் குனிந்து பார்த்தால், ரிம்மின் ஒரு பக்கச் சுவர் ஒரு முழ நீளத்துக்கு ஓலை கிழிந்ததுபோலக் கிழிந்து வெளியே வளைந்து நின்றது. விளிம்பைக் கையில் எடுத்துப் பார்த்தேன். தகர டப்பாவின் மூடி அளவுக்குத்தான் கனம் இருந்தது. அதற்கு முன் இரண்டு தடவை கட்டை மாற்றிக்கொடுத்த பழுதுபார்ப்பவர் ரிம்மை ஒருமுறைகூடத் தடவிப் பார்க்கவில்லை. அவரைச் சொல்லி என்ன, நானும்தான் பார்க்கவில்லை. அது நின்றுகொண்டிருந்த சைக்கிளின் பின் சக்கரம். உன்னுடையது முன் சக்கரம். நீ மேட்டிலிருந்து இறங்கி வருகிறாய்.

நான் சொல்வதில் சந்தேகம் இருந்தால் ஒரு இரும்பு ஸ்கேலின் ஓரத்தை ரிம்மின் பக்கவாட்டில் வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் அடித்துப் பார். நடுவில் வெளிச்சம் வழிந்தால் அந்த அளவுக்குத் தேய்ந்திருக்கிறது என்று பொருள்.

அந்தக் காலைக்குப் பிறகுதான் நான் டிஸ்க் பிரேக்குக்கு மாறினேன். அதிலும் ஏதோ ஒன்று தேயத்தான் செய்யும். ஆனால் தேய்வது, சக்கரத்தின் நடுவில் மாட்டியிருக்கும் உலோகத் தட்டு. கட்டை அதைத்தான் பிடிக்கிறது. சக்கரம் அப்படியே இருக்கிறது. தட்டைத் திருகைக் கழற்றி மாற்றிவிடலாம். ஷிமானோ தட்டு புதிதில் 1.8 மில்லிமீட்டர் கனம், 1.5-க்கு வந்தால் மாற்று என்று தட்டிலேயே பொறித்திருக்கும். அதோடு, தட்டு அச்சுக்குப் பக்கத்தில், தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேலே இருக்கிறது. ரிம் அளவுக்கு அது நனைவதில்லை. நனைந்தாலும் கட்டை தட்டை ஒட்டியே நிற்பதாலும், சின்னக் கட்டை பலமாக அழுத்துவதாலும், தட்டில் துளைகள் இருப்பதாலும் தண்ணீர் நிற்பதில்லை. மழையில் முதல் பிடியில் ஒரு கீச்சொலி வரும், அவ்வளவுதான். பிடிக்கச் சொன்ன நேரத்தில் பிடிக்கும்.

உன் அலுவலக நண்பர் ரிம் பிரேக்தான் எளிமை, எடை குறைவு, எங்கே வேண்டுமானாலும் சரிசெய்துகொள்ளலாம் என்கிறாராமே. அவர் சொல்வது பொய்யில்லை. காய்ந்த சாலையில் நல்ல ரிம் பிரேக்கைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பந்தயக்காரர்களும் டிஸ்க்கை ஒத்துக்கொள்ள நாளானது. சாலைப் பந்தயங்களில் அதற்கு முழு அனுமதி 2018 ஜூலையில்தான் வந்தது. ஆனால் பந்தயக்காரருக்கு ரிம் தேய்ந்தால் அடுத்த சக்கரம் பின்னால் காரில் வருகிறது. உனக்கு யார் கொண்டுவருவார்கள்? இருட்டோடு கிளம்பி இருட்டில் திரும்புகிறவளுக்கு, அரைக் கிலோ எடை ஒரு பெரிய விஷயமில்லை.

பழைய சைக்கிளிலேயே டிஸ்க் பொருத்த முடியுமா என்று அடுத்து கேட்பாய், உன்னைத் தெரியாதா. முடியாது. கட்டைகளை வைத்து அழுத்தும் கேலிப்பரைத் தாங்குவதற்கு ஃபோர்க்கிலும் பின் சட்டத்திலும் இடம் வேண்டும், தட்டைப் பிடிக்கச் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் வேறாக இருக்க வேண்டும். அந்தச் செலவுக்கு வேறு சைக்கிளே வாங்கிவிடலாம்.

வாங்கும்போது ஹைட்ராலிக், அதாவது எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் வகையாகப் பார். ஒயரில் இழுக்கிற டிஸ்க்கும் உண்டு, மோசமில்லை. ஆனால் ஒயர் உறைக்குள் தண்ணீர் இறங்கி, இரவுக் குளிரில் உறைந்துவிட்டால் காலையில் லீவர் கல்லாக இருக்கும். இல்லையென்றால் அழுத்திய பிரேக் திரும்பவே திரும்பாது. அந்தத் தொல்லை உன் ரிம் பிரேக்குக்கும் உண்டு. தவிர, ஒயர் வகைகள் பலவற்றில் ஒரு பக்கக் கட்டை மட்டும்தான் நகரும். தேயத் தேய மறுபக்கத்தை நாமே திருகி நெருக்கிக்கொண்டிருக்க வேண்டும். ஹைட்ராலிக்கில் எண்ணெய் மூடிய குழாயில் இருக்கிறது, கட்டை தேய்ந்தால் தானாகவே நெருங்கிக்கொள்ளும். எந்த எண்ணெய் என்பதை மட்டும் குறித்துவைத்துக்கொள். சில பிரேக்குக்கு மினரல் ஆயில், சிலவற்றுக்கு டாட் (DOT) என்ற வேறு எண்ணெய். ஒன்றுக்கு உரியதை மற்றதில் ஊற்றினால், உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் வீணாகிவிடும்.

கட்டையில் இரண்டு வகை. ரெசின் கட்டை சத்தமில்லாமல் மென்மையாகப் பிடிக்கும். ஆனால் மணலும் சேறும் சேர்ந்தால் கண் எதிரே கரையும். சேற்றுத் தடத்தில் ஒரே நாளில் புதுக் கட்டையைத் தின்று தீர்த்தவர்கள் உண்டு. உலோகத்தூளைச் சேர்த்து அழுத்திச் செய்த சின்டர்டு கட்டை கொஞ்சம் கத்தும், ஆனால் குளிர்காலம் முழுவதும் நிற்கும். உனக்கு அதுதான் சரி. சில தட்டுகளில் 'ரெசின் கட்டைக்கு மட்டும்' என்று எழுதியிருக்கும். அப்படி எழுதாத தட்டாகப் பார்த்து வாங்கு. புதுக் கட்டை போட்ட அன்றே சாலையில் இறங்கிவிடாதே. ஆளில்லாத சமதரையில் வேகமெடுத்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாத அளவுக்கு அழுத்தி, வேகம் குறைந்ததும் விட்டு, மறுபடி வேகமெடுத்து, இப்படி ஒரு இருபது தடவையாவது செய். முதல் நாலைந்து தடவை இது என்ன பிரேக் என்று தோன்றும். பிறகு பிடிமானம் வருவது விரலுக்கே தெரியும்.

தட்டில் எண்ணெய் பட்டுவிடக் கூடாது. விரல் பிசுக்குக்கூட ஆகாது. உன் அப்பா ஒருநாள் எனக்கு உதவி செய்கிறேன் என்று என் தட்டு இரண்டையும் செயின் துடைக்கிற துணியால் பளபளவென்று துடைத்துவைத்தார். மறுநாள் நான் தெருமுனையில் பிரேக் பிடித்தபோது எழுந்த ஊளையில் நாய்களெல்லாம் எழுந்துகொண்டன. சைக்கிள் மட்டும் நிற்கவில்லை. தட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஊற்றித் துடைத்து மீட்டேன். கட்டை எண்ணெயைக் குடித்துவிட்டது. தூக்கிப் போட வேண்டியதாயிற்று. அதனால் செயினுக்கு எண்ணெய் விடும்போது தெளிப்பானை எடுக்காதே, சொட்டுச் சொட்டாக விட்டு, மீதியைத் துணியால் வழித்துவிடு. உப்புச் சாலையில் போய் வந்த அன்று சாதாரணத் தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவினால் போதும்.

டிஸ்க் வாங்கிவிட்டால் பனியில் பறக்கலாம் என்று நினைத்துவிடாதே. சைக்கிளை நிறுத்துவது கடைசியில் டயர்தான். ஈர இலைகள், வெள்ளை பெயிண்ட் கோடு, இரும்பு மூடி, இதிலெல்லாம் டிஸ்க் நன்றாகப் பிடிப்பதாலேயே சக்கரம் பூட்டி வழுக்கிவிடும். ஒரு விரல் போதும். இறுகிய பனிப் பாளத்தில் முன் பிரேக்கைத் தொடவே தொடாதே. நேராகப் போய், பின் பிரேக்கை மெல்லக் கொடு. அதற்கென்று ஆணி பதித்த டயர் இருக்கிறது. டிஸ்க் சைக்கிள்களில் டயருக்கு மேலே பிரேக் குறுக்கே வராததால் அகலமான டயரும் முழு மட்கார்டும் பெரும்பாலும் தாராளமாக இடம்கொள்ளும். அந்த இடைவெளியை வாங்கும் முன் பார்த்துக்கொள்.

பழைய சைக்கிளை யாருக்கும் கொடுத்துவிடாதே. முன் ரிம்மை மட்டும் மாற்றினால் கோடைக்கு அது போதும். ஹப் நல்ல ஹப். பின் ரிம்மையும் ஸ்கேல் வைத்துப் பார்த்துவிடு.

இப்போதைக்கு முன் சக்கரத்தைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவைத்துவிட்டு, கழற்றியாயிற்று என்று ஒரு வரி அனுப்பு. எந்தச் சைக்கிள் என்பதை ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: புதுச் சைக்கிளில் சக்கரத்தைக் கழற்றியிருக்கும்போது பிரேக் லீவரை அழுத்திவிடாதே. இரண்டு கட்டையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், தட்டு உள்ளே நுழையாது. பெட்டியில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டு வரும். அதைக் கட்டைகளுக்கு நடுவில் செருகிவைப்பதற்குத்தான் கொடுக்கிறார்கள். குப்பை என்று எறிந்துவிடாதே. நான் எறிந்தேன்.