தகரத்தோடு ஆர்.சி. புக்கும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கிருஷ்ணகிரியில் முப்பது வருஷம் வண்டிகளுக்கு நம்பர் எழுதிப் பிழைத்தவன் நான். 2019 ஏப்ரல் முதல் புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயமானதும் பிரஷுக்கு வேலை போய்விட்டது. அப்புறம் பிடித்த பைத்தியம்தான் பழைய நம்பர் பிளேட் சேர்ப்பது. பழைய இரும்புக் கடைக்காரர்கள் என்னைக் கண்டாலே தராசை எடுத்துவிடுகிறார்கள்.

இருப்பதில் உசத்தியானது ஒரு புல்லட்டின் பின்பக்கத் தகரம். கறுப்பு எனாமலில் வெள்ளை எழுத்து. முதல் எழுத்து 'எம்'. மெட்ராஸ் மாநிலக் காலத்து வண்டி. 1969-ல் தமிழ்நாடு என்று பெயர் மாறிய பிறகும் பழைய வண்டிகள் அதே எண்ணோடுதான் ஓடின. எழுதியவர் யாரோ, கை சுத்தம். எட்டு ஒரே இழுப்பில் விழுந்திருக்கிறது. கோடு நேராக வர ஆணியால் கீறிய தடம் பெயின்ட்டுக்கு அடியில் இன்னும் தெரிகிறது.

கொடுத்த காவேரிப்பட்டணத்துக்காரர் ஆர்.சி. புக்கின், அதாவது வண்டிப் பதிவுச் சான்றின், ஜெராக்ஸையும் சேர்த்துக் கொடுத்தார். அதனால்தான் அதற்கு மதிப்பே. 1962-ல் சேலத்தில் பதிவு. 1965-ல் சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டம் பிரிந்தது, 2004-ல் அதிலிருந்து கிருஷ்ணகிரி. ஊரை விட்டு நகராமலே வண்டி மூன்று மாவட்டம் பார்த்துவிட்டது!

மற்றதில் பாதிக்கு மேல் அநாதைத் தகரங்கள். "வண்டியே போச்சு, புக் எதுக்கு?" என்று அடுப்பில் போட்டுவிடுகிறார்கள். காகிதம் இல்லாததால் ஏமாற்றுவதும் சுலபம். 'சுதந்திரத்துக்கு முந்தையது' என்று ஒருவர் என்னிடமே இரண்டாயிரம் ரூபாய்க்கு ஒன்றைத் தள்ளிவிட்டார். வீட்டில் வந்து பின்பக்கத் துருவைச் சுரண்டினால், எண்ணெய் டின்னின் பார்கோடு.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அப்பா, தாத்தா வண்டியை எடைக்குப் போடுமுன் பிளேட்டோடு ஒரு போட்டோ எடுங்கள். பதிவை ரத்து செய்ய அசல் ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்பதால், முன்னதாகவே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். ஐம்பது வருஷம் தாண்டி, பெரிதாக மாற்றாத வண்டி என்றால் விற்கவே வேண்டாம். 2021-ல் வந்த விண்டேஜ் விதிப்படி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம்.

நடுகற்களைக் காக்கும் நம் ஊர் அரசு அருங்காட்சியகம் ஓர் அலமாரி ஒதுக்கினால், காகிதம் உள்ள தகரங்களை எல்லாம் இலவசமாகவே கொடுத்துவிடுகிறேன், அந்த புல்லட் தகரம் உட்பட.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் நம்பர் பிளேட் எழுத்தர்,
கிருஷ்ணகிரி.