நாலு நாலாக எண்ணும் நெல்

காரைக்குடி

அன்பு மகள் மீனாளுக்கு,

அப்பச்சி எழுதுவது. பேரனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது, குறி கேட்கச் சொல்கிறார்கள், கேட்கலாமா என்று கேட்டிருந்தாய். முதலில் டாக்டரிடம் காட்டி ரத்தம் பார்த்துவிடு, நாளைக்கு என்று தள்ளாதே. குறி எப்படி வந்தது என்று எழுதுகிறேன், படித்துவிட்டு நீயே முடிவு செய்.

சங்க காலத்தில் மகள் மெலிந்தால் தாய் கட்டுவிச்சியை, அதாவது குறி சொல்லும் பெண்ணை, கூப்பிடுவாள். பெண்ணை எதிரே நிறுத்தி, முறத்தில் ஒரு பிடி நெல்லைப் போட்டு, நாலு நாலாக எண்ணி ஒதுக்குவார்கள். கடைசியில் ஒன்று, இரண்டு, மூன்று மிஞ்சினால் முருகு அணங்கியது, அதாவது முருகன் பிடித்து வருத்துகிறான். நாலாக நின்றால் வேறு நோய். உரைகாரர் சொல்லும் கணக்கு இது. அங்கே நெல் கிடைக்காது, ஒரு பிடி பயறு எடுத்து இருபது தடவை எண்ணிப் பார். நாலில் மூன்று பங்கு முருகன் பேரில்தான் விழும். கட்டுவிச்சி பொய் சொல்லவே வேண்டியதில்லை, எண்ணும் முறையே அப்படி.

அடுத்தது வெறியாட்டு, முருகனை இறக்கி ஆடும் சாமியாட்டம். முருகனை அழைக்க என்னென்ன வேண்டும் என்று திருமுருகாற்றுப்படை சொல்கிறது: கிடாய் ரத்தம் கலந்த வெள்ளரிசி, மஞ்சள், செவ்வலரி மாலை, நறும்புகை, குறிஞ்சிப் பண், பரப்பிய செந்தினை. நம் பக்கத்துக் கருப்பர் கோயிலில் நீ பார்த்த மஞ்சளும் மாலையும் சாம்பிராணியும் அந்த வரிசைதான்.

சாமியாடி நடிக்கிறார் என்று நினைத்துவிடாதே. வெறும் வயிற்றோடு நிற்கிறார், கொட்டு ஏற ஏற மூச்சு வேகமாகிறது. மூச்சு மிஞ்சினால் கரியமிலவாயு உடம்பை விட்டு அதிகம் வெளியேறும். மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து தலை லேசாகும், விரல் நுனியும் உதடும் மரக்கும். சர்க்கரை உள்ளவர் விரதமிருந்து ஆடினால் நிஜமாகவே மயங்கி விழுவார். அதை அருள் என்று விட்டுவிடுவது ஆபத்து.

வாக்கு பிசகுவது கேட்பவரிடம். “வீட்டுக்குத் தெற்கே தண்ணீர் இருக்கே” என்பார். “ஆமா, ஊருணி” என்று நாமே எடுத்துக் கொடுப்போம். பிறகு குறி முழுக்க ஊருணியைச் சுற்றியே வரும். வீடு திரும்பியதும் ஊருணியைச் சொன்னது அவர்தான் என்று நினைவில் நிற்கும்.

இந்தச் சந்தேகம் புதுசில்லை. குறுந்தொகை 362-இல் வெறியாட வந்த வேலனைப் பார்த்துக் கேட்கிறார்கள்: இவளைக் காதலால் வருத்திய மலைநாடனின் மார்பும் உன் பலியை உண்ணுமோ? பலியும் கேள்வியும் ஒரே காலத்தவை, மீனா. எனக்கு இதில் பெருமை உண்டு.

இறந்தவர்கள் விஷயம் வேறு, அதை இதோடு குழப்பாதே. கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகையில் எடுத்த முதுமக்கள் தாழிகளில் எலும்போடு சின்னச் சின்ன மண்கலயங்களும் இருந்தன. போனவருக்கும் கலயம் வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். போரில் விழுந்த வீரனுக்கு நடும் நடுகல்லுக்குத் தொல்காப்பியம் ஆறு படி சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. கல்லைத் தேடி, எடுத்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, புகழ்ந்து பாடுவது. தேனிப் பக்கம் புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழி என்னும் பழைய தமிழ் எழுத்தோடு நடுகற்களே கிடைத்தன. களத்தில் விழுந்தவனின் கல்லைத் தவிர நெல் தூவிக் கும்பிட வேறு கடவுள் இல்லை என்கிறார் மாங்குடி கிழார், புறநானூறு 335-இல்.

அந்தப் பெரும்படையின் சொல்தான் முன்னோருக்கு நாம் செய்யும் படைப்பிலும் இருக்கிறது. பேழையைத் திறந்து பழைய சேலை வேட்டியை எடுத்துவிட்டுப் புதுசு வைக்கிறோம், இலை போடுகிறோம், பங்காளிகள் விழுந்து கும்பிடுகிறோம். யாரையும் இறக்கி வாக்குக் கேட்பதில்லை. சோறும் துணியும் கொடுத்துப் பேர் சொல்லி நினைப்பதோடு சரி. பேரன் பேரில் ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று உன் மனசு அடித்துக்கொண்டால், வருகிற படைப்புப் பேழைக்கு நீ ஒரு சேலை எடுத்துக் கொடு. குறிக்குப் பணம் கட்டாதே.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் நேரம் பார்க்காமல் போன் பண்ணு. ஆத்தா தூங்காமல் இருக்கிறாள்.

அப்பச்சி